கட்டைவிரல் துரு

"அவ மேசையில கறுப்பு பிளாஸ்டிக் வளையத்துல பதிச்ச இரும்புத் துண்டு ஒண்ணு இருக்கும். வரும்போது அதை மட்டும் கொண்டு வந்துடுங்க" என்று மனைவியோடு வேலை பார்த்த பாலிஷ்காரரிடம் சொல்லிவிட்டு டிரைவர் போனை வைத்தார். கூடத்தில் யாரோ மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். போய் மறுபடி ஓட விட்டார். படுத்திருந்த மனைவிக்குப் புழுக்கம் ஆகாது.

நாலு மணிக்கு எடுக்கிறதாகப் பேச்சு. அதற்குள் அந்தத் துண்டு வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு யோசனை ஓடவில்லை.

"எதுக்குப்பா அது இப்போ?" என்றாள் மகள்.

"அதுல உங்கம்மா கை இருக்கு."

மகளுக்கு அந்தக் கதை தெரியும். உலோகச் சோதனைக்கூடத்தில் அம்மாவுக்கு வேலை. எங்காவது ஒரு அச்சோ பல்சக்கரமோ உடைந்தால் துண்டுகள் அவளிடம் வரும். மின்னணு நுண்ணோக்கியில் வைத்து, விரிசல் எந்த இடத்தில் பிறந்தது, எந்தப் பக்கம் நடந்தது என்று சொல்லிவிடுவாள். வெறுங்கையால் தொடுவதும், உடைந்த இரண்டையும் பொருத்திப் பார்ப்பதும் அங்கே பெரிய குற்றம். வீட்டில் ஒருமுறை டிரைவர் உடைந்த கோப்பையை ஒட்ட வைக்கப் பார்த்தபோது, "சாட்சியைக் கலைக்காதீங்க" என்று அதட்டினாள். கோப்பையை உடைத்ததே அவள்தான்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒருமுறை தொட்டுவிட்டாள். அப்போது அவர் சோதனைக்கூடத்தின் ஊழியர் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் ஏறியாயிற்று, அவளை மட்டும் காணோம். விடாமல் ஹாரன் அடித்தார். உள்ளே கையுறையைக் கழற்றிய கையோடு, கண்ணாடி போல் தேய்த்து வைத்திருந்த எஃகுத் துண்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஓடி வந்தாள். சில நாளில் அதன்மேல் அவள் கட்டைவிரல் ரேகை அப்படியே துருவாக எழும்பியிருந்தது. வியர்வை உப்பின் வேலை.

"நீங்க அவசரப்படுத்தினதாலதான் தொட்டுட்டேன்" என்று சண்டைக்கு வந்தாள். அதுதான் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு. கல்யாணத்துக்கு அப்புறமும் துண்டு அவள் மேசையிலேயே இருந்தது. யார் கேட்டாலும், "இவ்வளவு படிச்சும் என்னைக் கைநாட்டு வைக்க வச்சவர்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

பாலிஷ்காரர் வரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. சோதனைக்கு வரும் துண்டுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதால் அங்கே அவருக்கு அந்தப் பெயர். சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, அந்தத் துண்டின் கதை அவர் காதுக்கு எட்டியிருக்கவில்லை. அழுது கண்கள் வீங்கியிருந்தன. பஞ்சில் சுற்றிய துண்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

"லேட்டாயிடுச்சு மாமா. அக்கா மேசையில இப்படித் துருப்பிடிச்சுக் கிடந்திருக்கு, நான் கவனிக்கவே இல்ல பாருங்க. கடைசியா அவங்க பக்கத்துல வைக்கப் போறது அழுக்கா இருக்கலாமா? காலையிலேர்ந்து உக்காந்துட்டேன். துரு உள்ள வரைக்கும் கடிச்சிருந்துச்சு. நானும் விடல."

டிரைவர் பஞ்சைப் பிரித்தார். எஃகில் அவருடைய முகம் தெரிந்தது. சவரம் செய்யாத தாடை, பின்னால் சுழலும் மின்விசிறி. வேறெதுவும் இல்லை. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். ஒரு புள்ளிகூட மிச்சமில்லை.

மகள் வாயைத் திறந்தாள். அவர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

"ஒரு கீறல் இல்ல" என்றார் பாலிஷ்காரரிடம். "அவளே குறை சொல்லமாட்டா."

அந்த மனிதர் சுவரோரம் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். டிரைவர் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படுக்கையறைக்குப் போனார். அவள் வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். ஒரு சண்டைக்காவது வேண்டும்.

பின்னாலேயே வந்த மகள் மெதுவாக, "கூடத்துல அம்மா கை இருக்குப்பா. மை தடவி ஒரு காகிதத்துல…" என்று இழுத்தாள்.

"சொத்து எழுதி வாங்குற மாதிரியா? வேண்டாம்மா. அது அவளா வச்சதா இருக்கணும்."

அவள் தலையாட்டினாள். அலமாரி மேலிருந்த அம்மாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்தாள். "இதையாவது போட்டு விடுவோம். இல்லன்னா அம்மா முகம் மாதிரியே இல்ல." தாவணி நுனியால் துடைக்கப் போனாள்.

"இரு."

ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்தது. இடது பக்கத்தில் ஒரு முழுக் கட்டைவிரல். நாளைக்கு நாலு தரம் கண்ணாடியைத் துடைக்கிறவள், கடைசி நாட்களில் கை நடுங்கி, கைக்குக் கிடைத்த இடத்தைப் பிடித்துக் கழற்றி வைத்திருக்கிறாள். துடைக்கத் தெம்பு இருந்திருக்காது. வளைய வளையமாக ரேகை தெளிவாக இருந்தது.

"குடும்மா." மனைவி எப்போதோ சொல்லிக்கொடுத்தபடியே, விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து வாங்கினார்.

வாசலில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. டிரைவர் கண்ணாடியை முன்னால் ஏந்தியபடி கூடத்தைக் கடந்து வெளியே போனார்.

"ஹாரன் அடிக்காதீங்க தம்பி" என்றார் வண்டிக்காரரிடம். "வருவா. அவசரப்படுத்தினா எதையாவது தொட்டுடுவா."

வண்டிக்காரர் அவரையும் அவர் கையிலிருந்ததையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்ஜினை அணைத்தார்.