காசு ஏழு

அந்த ஜூலை மாதம் ரியோ ஓண்டோவில், ஆற்றங்கரை ஹோட்டலில் எங்கள் ஊர்க்காரர்கள் ஐந்து பேர் இருந்தோம். பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாரும் தங்களைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. என் தம்பி ரெமிஹியோ லொயார்த்தே. அவனுடைய சீட்டாட்டக் கூட்டாளி, ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரி ஃபாவுஸ்தோ பெரால்தா. ஃபாவுஸ்தோவின் மனைவி அமாலியா. மாட்டு மருத்துவரின் விதவை தெல்மிரா போசெத்தி. கடைசியாக நான், எர்மினியா லொயார்த்தே, ஐவரில் மூத்தவள். மருந்துக்கடைக்காரரின் மைத்துனி எல்லாவற்றையும் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள் அந்த வாரம் ரொசாரியோவில் பல் கட்டிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் மூன்று தலைமுறையாக மாடுகளை ஏலம் விட்ட குடும்பம். என் தாத்தா, என் அப்பா, பிறகு ரெமிஹியோ. அவன் பட்டியின் மேல் பலகையில் ஏறி நின்றால் கீழே இருக்கும் அத்தனை பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஜூலைக்கு முந்தைய கோடையில் ஒரு காலை அவன் எழுந்தபோது முகத்தின் வலது பாதி அசையவில்லை. நரம்புக் கோளாறு, உயிருக்கு ஒன்றுமில்லை, நாளாக நாளாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் மருத்துவர். வாய் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டது. காபி குடித்தால் ஓரத்தில் வழிந்தது. எங்கள் ஊர் மூலிகைத் தேநீரான மாத்தேயை உறிஞ்சும் குழலை உதட்டால் கவ்வ முடியவில்லை. அன்றிலிருந்து அவன் வெளிவாசலைத் தாண்டவில்லை.

ஊரார் பார்க்க வந்தார்கள். வாசலிலேயே நின்று "பாவம்" என்றார்கள். எங்கள் வீட்டில் யாரையும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. தூங்குகிறான் என்று சொல்லி எல்லோரையும் திருப்பி அனுப்பினேன்.

எங்கள் நாட்டில் ஜூலைதான் குளிர்காலம்; ரியோ ஓண்டோவுக்கு நாங்கள் ஒவ்வொரு குளிர்காலமும் போகிறவர்கள். வெந்நீர் ஊற்றில் மூட்டுகளை நனைத்துவிட்டு வருவோம். அந்த வருடம் ரெமிஹியோ மாட்டேன் என்றான். தெல்மிரா பயணச்சீட்டோடு நேராகச் சமையலறைக்கு வந்துவிட்டாள். அவளை மட்டும் என்னால் வாசலில் நிறுத்த முடிந்ததில்லை.

"ஜன்னலோர சீட்டு, கிழவா. நீ வரலேன்னா அதுல என் கைப்பையை உட்கார வைப்பேன். அது உன்னை மாதிரி குறட்டை விடாது."

"என் மூஞ்சியைப் பார்த்தியா தெல்மிரா?"

"பார்த்துட்டுத்தான் பேசறேன். மூஞ்சிக்குத் தனியா டிக்கெட் கேக்க மாட்டாங்க."

அவன் வந்தான். அதற்காக அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஹோட்டலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கீழே காசினோ, பின்னால் தோட்டம், தோட்டத்துக்கு அப்பால் ஆறு. குளியல் அங்கியோடு மனிதர்கள் தெருவில்கூட நடக்கும் ஊர் அது. நான் முழு உடையில்தான் அறையைவிட்டு வெளியே வருவேன். தெல்மிரா அங்கியோடு போய்ச் சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். செத்துப்போன கணவனோடு பேசுவதுபோல அதோடு பேசுவாள். "நேத்தும் இப்படித்தான் ஏமாத்தின. இன்னிக்காவது வாயைத் திற." இயந்திரம் திறக்காது. அவளும் வருத்தப்பட மாட்டாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடிப்பேன். லொயார்த்தே பெண்கள் பணம் வைத்து ஆடுவதில்லை.

முதல் நாள் காலை உணவின்போது ரெமிஹியோ சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். வாயில் கைக்குட்டையை வைத்திருந்தான்.

"இந்தப் பக்கம் திரும்பி உட்காரு," என்றாள் தெல்மிரா. "சுவர் உனக்கு வெண்ணெய் எடுத்துத் தராது."

"என் சட்டையைப் பாருடா," என்றான் ஃபாவுஸ்தோ. "நல்ல வாயை வச்சுக்கிட்டே இவ்வளவு சிந்தியிருக்கேன்."

"அந்தச் சட்டையைத் துவைக்கிறது நான்," என்றாள் அமாலியா.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு லொயார்த்தேயின் உடல்குறையைக் காலைச் சாப்பாட்டு மேசையில் கேலி செய்வதா? அப்போது நான் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. அமாலியா மாத்தே குடிக்காமல் ஒரு மணிநேரம் இருக்க மாட்டாள், வெந்நீர்க் குடுவையை இடுக்கிக்கொண்டேதான் எங்கும் போவாள். அந்தப் பயணத்தில் அவள் குடுவையைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. எல்லோருக்கும் பால் காபி என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. குடுவைகூட இல்லாமல் அவள் ஆற்றங்கரையில் நடப்பது, ரெமிஹியோவால் குழலைக் கவ்வ முடியாது என்பதற்காக என்று நாள்கள் கழித்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

அன்று பிற்பகல் ஆற்றைப் பார்த்த கண்ணாடித் தாழ்வாரத்தில் த்ரூக்கோ சீட்டாட்டம் ஆட உட்கார்ந்தோம். ரெமிஹியோவும் ஃபாவுஸ்தோவும் ஒரு பக்கம், எப்போதும்போல. தெல்மிராவும் நானும் மறுபக்கம். பந்தயம் மொச்சைக் கொட்டைகள்தான்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எதிரெதிராக உட்காரும் கூட்டாளிகள் தங்கள் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்பதை முகத்தாலேயே சொல்லிக்கொள்வார்கள். சீட்டில் வாள், தடி, கோப்பை, காசு என்று நான்கு இனங்கள். புருவத்தைத் தூக்கினால் வாள் ஆஸ். கண்ணடித்தால் தடி ஆஸ். உதட்டைக் கடித்தால் மூன்று. வாயை இடப்பக்கம் இழுத்தால் காசு ஏழு, எந்த மூன்றையும் வெல்லும் சீட்டு, கட்டில் ஒன்றே ஒன்றுதான். ஜாடைகள் எல்லோருக்கும் தெரிந்தவை, யாரும் மாற்ற முடியாதவை. எதிராளி பார்க்காதபோது காட்டுவதிலும், பார்க்கும்போது பொய்யாகக் காட்டுவதிலும்தான் திறமை இருக்கிறது.

ஃபாவுஸ்தோ பந்தயத்தை ஏற்றினான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் நல்ல சீட்டு என்னிடம் இருந்தது. ஏற்றுக்கொண்டேன். அவன் இன்னும் ஏற்றினான். அதையும் ஏற்றுக்கொண்டு என் சீட்டைப் போட்டேன். காசு ஏழு.

ஃபாவுஸ்தோ என் சீட்டைப் பார்த்தான். பிறகு ரெமிஹியோவைப் பார்த்தான். ரெமிஹியோ தன் சீட்டைப் போட்டான். வெறும் நாலு.

"அப்போ எனக்கு நீ எதைக் காட்டினே?" என்றான் ஃபாவுஸ்தோ.

கேட்டு முடிப்பதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது. எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நாற்பது வருடப் பழக்கம். சீட்டைக் கையில் எடுத்தால் அவன் கண் தானாக ரெமிஹியோவின் வாய்க்குப் போகும்.

"நான் ஒண்ணும் காட்டல," என்றான் ரெமிஹியோ. "என் மூஞ்சி இப்ப அதை மட்டும்தான் சொல்லும், ஃபாவுஸ்தோ. தூங்கினாலும் அதைத்தான் சொல்லும்."

மொச்சைகளை மேசை நடுவில் தள்ளிவிட்டு அறைக்குப் போனான். நானும் எழுந்தேன். அவன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பெட்டியைக் கட்டினேன். மறுநாள் காலைப் பேருந்தில் ஊருக்குப் போய்விடுவோம், அதன் பிறகு அவன் முகத்தை யாரும் பார்க்க வேண்டாம். இந்தமுறை வீட்டுக்குள் போனால் அவன் வெளியே வரவே மாட்டான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் கட்டினேன்.

கதவு தட்டப்பட்டது. ஃபாவுஸ்தோவும் தெல்மிராவும் நின்றிருந்தார்கள்.

"என் தம்பி ஓய்வெடுக்கிறான்," என்றேன்.

"வழி விடுங்க, டோன்யா எர்மினியா," என்றான் ஃபாவுஸ்தோ. என்னை எப்போதும் மரியாதையாக டோன்யா என்றுதான் அழைப்பான். "அவனால ஒரு ஆட்டம் தோத்திருக்கேன். அதைக் கேக்க வந்தேன்."

ஆறுதல் சொல்ல வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப எனக்குத் தெரியும். சண்டை போட வந்தவனை என்ன செய்வதென்று தெரியவில்லை. வழிவிட்டேன்.

"வேற கூட்டாளியைப் பார்த்துக்க," என்றான் ரெமிஹியோ சுவரைப் பார்த்தபடி.

"நாப்பது வருஷமா உன் மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். அமாலியா மூஞ்சியைக்கூட அவ்வளவு பார்த்ததில்ல."

"அது உண்மை," என்று நடைக்கூடத்திலிருந்து அமாலியாவின் குரல் வந்தது.

"காசு ஏழுக்கு வேற ஜாடை வச்சுக்கலாம்," என்றான் ஃபாவுஸ்தோ. "மூக்கைச் சொறி. தெல்மிரா, நீயும் ஒத்துக்க."

"ஒத்துக்க மாட்டேன்," என்றாள் தெல்மிரா. அங்கியின் பையில் கைகளை விட்டுக்கொண்டு கட்டிலின் காலடியில் உட்கார்ந்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் மூளை எங்க போச்சு? த்ரூக்கோன்னா என்ன? பொய் சொல்ற ஆட்டம். நாங்க எல்லாம் மூஞ்சியைக் கோணிக் கோணிப் பொய் சொல்றோம், பாதி நேரம் மாட்டிக்கிறோம். இவன் சும்மா உட்கார்ந்தாலே பொய். இந்த வசதி எனக்கு இருந்தா நான் அந்த மெஷின் முன்னாடியா உட்கார்ந்திருப்பேன்?"

கட்டிலில் ரெமிஹியோவின் முதுகு குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து அவர்களை வெளியே போகச் சொல்ல வாயெடுத்தேன். அவன் திரும்பினான். சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பு ஒரு பக்கம்தான் ஏறியது. கோடையிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு. பாதி எனக்குப் போதும்.

"நிஜமாவே காசு ஏழு வந்தா எப்படிடா சொல்லுவே?" என்று கேட்டான் ஃபாவுஸ்தோ.

"சொல்ல மாட்டேன். நாப்பது வருஷமா பார்க்கிறேன்னியே, நீயே கண்டுபிடி." பிறகு என்னிடம், "எர்மி, பெட்டியை எதுக்குக் கட்டினே? என் நீலச் சட்டையை எடு."

வியாழக்கிழமை காசினோவை அடுத்த கூடத்தில் ஓய்வூதியர்களுக்கான த்ரூக்கோ போட்டி நடந்தது. பரிசு ஒரு முழு ஆட்டுக்குட்டி இறைச்சி. ரெமிஹியோ நீலச் சட்டை போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்கும் நடு மேசையில் உட்கார்ந்தான். அவனுக்கு உடல்நலமில்லை என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

கடைசி ஆட்டத்தில் எதிரே வந்தவர்கள் துக்குமான்காரர்கள் இருவர். சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், ஒரே நிறத்தில் கோட்டு போட்டிருந்தார்கள். ரெமிஹியோவின் வாயைப் பார்த்ததும் இளையவர் மூத்தவரை முழங்கையால் இடித்தார். காசு ஏழு என்று நம்பி இரண்டு முறை விட்டுக்கொடுத்துச் சீட்டை மூடிவிட்டார்கள். மூன்றாம் முறை துணிந்து பந்தயத்தை ஏற்றுக்கொண்டார்கள். ரெமிஹியோவிடம் ஒன்றுமே இல்லை. அந்தக் கை அவர்களுக்குப் போனது.

"இந்த ஆளோட மூஞ்சியை நம்பாதே," என்றார் மூத்தவர், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "பெரிய திருடன்."

என் பின்னால் தெல்மிரா என் தோளை அழுத்தினாள். நான் எழுந்து பதில் சொல்லிவிடுவேன் என்று பயந்தாள்போலிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. கோடைக்குப் பிறகு என் தம்பியின் முகத்தைப் பற்றி யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசிக் கேட்டதில்லை.

ஆட்டம் இரு பக்கமும் சமமாக நின்றது. கடைசிக் கை, ஆளுக்கு ஒரு சீட்டுதான் மிச்சம். ஃபாவுஸ்தோ ரெமிஹியோவைப் பார்த்தான். வாயை அல்ல, முகம் முழுவதையும். வெகுநேரம் பார்த்தான்.

"த்ரூக்கோ," என்று பந்தயத்தைத் தொடங்கினான்.

துக்குமான் மூத்தவர் சிரித்துக்கொண்டே பந்தயத்தை ஏற்றினார். ஃபாவுஸ்தோ அதற்கு மேலும் ஏற்றினான். அதற்கு மேல் ஏற்ற வழியில்லை. இளையவர் தயங்கினார். "அவன் வாய் மறுபடியும் அதைக் காட்டுது," என்று முணுமுணுத்தார். "காட்டட்டும்," என்றார் மூத்தவர், "பார்க்கலாம்." மூன்று ஒன்றைப் போட்டார். நல்ல சீட்டுதான். அவருடைய தம்பியின் சீட்டும், ஃபாவுஸ்தோவின் சீட்டும் அதற்குக் கீழே.

ரெமிஹியோ ஏலத்தில் சுத்தியலை இறக்குவதுபோல ஒரு கணம் கையை மேலேயே நிறுத்தினான். பிறகு காசு ஏழைப் போட்டான்.

"அவன் மூஞ்சியிலேயே இருந்துச்சே," என்றார் இளையவர்.

"வாயை மூடு," என்றார் மூத்தவர்.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று பிறகு ஃபாவுஸ்தோவைக் கேட்டேன். "சுத்தியலைத் தட்டறதுக்கு முன்னாடி மூச்சை நிறுத்துவான், டோன்யா. அப்பவும் நிறுத்தினான்," என்றான். அக்காளான எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் மதியம் ஆற்றங்கரை அடுப்பில் ஆட்டுக்குட்டியை வாட்டினோம். ரெமிஹியோ ஆற்றுக்கு முதுகு காட்டி, நடைபாதையில் போகிறவர்களைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். தாடையில் கொழுப்பு வழிந்தது. தெல்மிரா கைக்குட்டையை அவன் முகத்தில் எறிந்தாள். அவன் துடைத்துவிட்டு அதையே திருப்பி எறிந்தான். பிறகு அமாலியாவைப் பார்த்து, "உன் வெந்நீர்க் குடுவை ரயில்ல அடிபட்டுச் செத்துப்போச்சா?" என்று கேட்டான். அவள் ஓடிப்போய் எடுத்துவந்தாள். அவன் உதட்டோரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு குழலை உறிஞ்சினான். பாதி சட்டையில் போனது. இன்னொன்று கேட்டான்.

நான் எழுந்து நின்றேன். எங்கள் வீட்டில் நன்றியை உட்கார்ந்துகொண்டு சொல்வதில்லை. ஃபாவுஸ்தோ பெரால்தா, அமாலியா பெரால்தா, தெல்மிரா போசெத்தி என்று முழுப்பெயர் சொல்லி, லொயார்த்தே குடும்பம் இதை மறக்காது என்றேன்.

"உட்காருங்க டோன்யா," என்றான் ஃபாவுஸ்தோ. "கறி ஆறுது."

உட்கார்ந்தேன். அந்தக் கறியைப்போல ஒன்றை நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை.

ரெமிஹியோ இப்போது ஞாயிறுதோறும் தேவாலயத்துக்கும் வெள்ளிதோறும் கிளப்புக்கும் போகிறான். முகம் கொஞ்சம் சரியாகியிருக்கிறது, முழுவதும் இல்லை. ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. நண்பர்கள் அவன்மேல் பரிதாபப்பட்டு, துக்குமான்காரர்களிடம் முன்கூட்டியே பேசித் தோற்கச் சொன்னார்களாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவன் கையில் காசு ஏழு இருந்தது.