திங்கட்கிழமைப் பச்சை

...அப்படியென்றால் வெறுங்குழாய் ஏன் பச்சையாக ஒளிர வேண்டும், அதில் பூண்டுச் சாறே விடவில்லையே, என்று கவுஞ்சியிலிருந்து கொடைக்கானல் போகும் பஸ்ஸின் ஜன்னலோரம் தமிழ்மதி மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள், வளைவில் பஸ் சாய்ந்தபோது அம்மா கொடுத்துவிட்ட பூண்டுக் கட்டும் மடியில் சாய்ந்தது... பாக்டீரியாவின் மேலுறையில் ஓர் ஏற்பி, அதன் வெளித்துண்டு வந்ததைப் பிடிக்கும், உள்துண்டு சேதி சொல்லும், செல் பச்சையாக ஒளிரும். பழைய வெளித்துண்டைக் கழற்றிப் பூண்டைப் பிடிக்கிற துண்டை மாட்டியது அவள்தான், டார்ச்சுக்குத் தலை மாற்றுகிற மாதிரி, சொல்வதற்கு எளிது. பூண்டு விட்ட குழாய் ஒளிர்ந்தது, சந்தோஷம், விடாத குழாயும் ஒளிர்ந்தால்? அது பூண்டைக் கண்டுபிடிக்கவில்லை, சும்மா எரிகிறது. இன்றும் எரிந்தால் இந்தத் துண்டை விட்டுவிடலாம்மா, போட்டிக்கு நாள் நெருங்குது, என்று காலேஜ் லேப்பில் சேனாதிபதி சார் சொல்லிவிட்டார், கோபமில்லாமல் சொன்னார், அதுதான் கஷ்டம். வியாழன், வெள்ளியெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, திங்கட்கிழமைதான் இந்தக் கூத்து. லேப் கூட்டாளி சத்தியபிரியா அதற்குத் திங்கட்கிழமைப் பேய் என்று பேர் வைத்து, கதவில் எலுமிச்சம்பழம்கூடக் கட்டிவிட்டாள்.

பூம்பாறையில் ஏறிய சுற்றுலாப் பெண்கள் இருவர் சால்வையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். பக்கத்தில், மார்க்கெட்டுக்குப் பூண்டு மூட்டையோடு வந்த பாப்பம்மாள் அத்தை குனிந்து கேட்டாள்: "நம்ம பஸ்ஸுன்னாலே மூக்கப் பொத்திக்கிடுறாங்க. ஏ மதி, அப்படியா வாட அடிக்கிது?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே அத்தை."

"எனக்குந்தான் தெரியல."

தெரியாது, எப்படித் தெரியும், தமிழ்மதி வீட்டில் அடுப்புக்கு மேலே புகையில் பூண்டுக் கட்டுகள் தொங்குகின்றன, அதே மூங்கிலில்தான் அவள் ஸ்வெட்டரும் காய்கிறது, ஞாயிறு முழுக்க விதைப்பூண்டு பிரித்த கை, மூக்கு சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்ச் சொல்வதையே நிறுத்தி எத்தனை வருஷமோ... கை. மற்ற நாளெல்லாம் ஹாஸ்டல், திங்கட்கிழமை மட்டும் ஊர் பஸ்ஸிலிருந்து இறங்கினால் நேராக லேப், கையுறை தீர்ந்துபோய் மாசக்கணக்காகிறது, சோப்புப் போட்டுக் கழுவிய வெறுங்கையால் முதலில் திறப்பது வெறுங்குழாயைத்தான். ஐயோ, பேயே நான்தானா? தமிழ்மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பஸ்ஸென்றும் பாராமல் சிரித்தாள், துண்டு வேலை செய்கிறது, இவள் விரல் நுனியைக்கூட விடாமல் பிடிக்கிற அளவுக்கு வேலை செய்கிறது, எத்தனை கெட்டிக்காரத் துண்டு. இன்று குழாய்களைச் சத்தியபிரியா திறக்கட்டும், நான் தள்ளி நிற்கிறேன், ஆனால் ஏன் என்று சார் கேட்பாரே... ஊர் கேட்டால் கவுஞ்சி என்னாமல் கொடைக்கானல் என்றே சொல்லி, சென்ட் அடித்துக்கொண்டு திரிந்தவள், சார், அந்தக் குழாயில் இருந்தது என் வீட்டு வாசம் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கிறது. சொல்லிவிட வேண்டியதுதான், இத்தனை நல்ல துண்டைக் கூச்சத்துக்காகக் குப்பையில் போடுவதா.

உள்ளங்கையை மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. சத்தியபிரியாவுக்கு வந்திருக்குமோ, பக்கத்திலேயே உட்காருகிறவள் அல்லவா... திங்கட்கிழமை ஆனால் அவள் அந்தக் குளிரிலும் ஜன்னலைத் திறந்து வைப்பாள், வெளிச்சம் வரட்டும்டி என்பாள், தமிழ்மதியும் இத்தனை நாள் வெளிச்சத்துக்குத்தான் என்றே நினைத்திருந்தாள்.