முள் நின்ற இடம்

வெண்மதி டீச்சரைக் கடலூர் ஆசிரியர் பயிற்சிக்குப் பாடம் நடத்தும் கருத்தாளராகப் போட்டதற்குக் காரணம் அவளுடைய மாணவிகளின் செய்முறை நோட்டுகள். அடித்தல் திருத்தல் கிடையாது, மின்சுற்றுப் படமெல்லாம் அச்சடித்த மாதிரி. மின்தடை கண்டுபிடிக்கும் சோதனையில் முப்பத்தாறு பேருக்கும் ‘ஐந்து ஓம்’ என்று விடை பிசகாமல் வந்திருந்தது. பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி அவற்றைப் புரட்டிப் புரட்டிப் பூரித்துப்போனார். முப்பத்தாறு பெண்களுக்கும் எப்படி ஒரே அளவு வரும் என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நல்ல மனுஷர், பாவம்.

அந்த அளவுகள் எந்த மீட்டரிலிருந்தும் வந்தவை அல்ல. வெண்மதி பத்தாவது படித்தபோது அக்காவின் நோட்டைப் பார்த்து எழுதினாள். அக்கா யாரைப் பார்த்து எழுதினாள் என்பது அக்காவுக்கே மறந்துவிட்டது. அதே அளவுகளைத்தான் இப்போது மாணவிகளுக்கும் எழுதிப்போடுகிறாள். ஒன்றரை வோல்ட்டுக்கு 0.3 ஆம்பியர், மூன்று வோல்ட்டுக்கு 0.6. வகுத்தால் ஐந்து. இதற்கு மீட்டர் எதற்கு?

சிதம்பரத்தில் அவள் வேலை பார்த்த பள்ளியில் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் இல்லாமலில்லை. இரண்டு இருந்தன, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், பீரோவுக்குள். வெளியே எடுத்தால் உடையும், உடைந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டருக்கு யார் பதில் சொல்வது? வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, ‘அம்மீட்டர் இரண்டு, நல்ல நிலையில்’ என்று கையெழுத்துப் போட்டுப் பூட்டிவிடுவார்கள். கல்லூரியில் படித்தபோதும் நான்கு பேருக்கு ஒரு மேசைதான். மலர்க்கொடி என்று ஒரு கெட்டிக்காரி கம்பி மாட்டுவாள். கையெழுத்து அழகாக இருந்த பாவத்துக்கு வெண்மதி நோட்டு எழுதுவாள். ஆக, எட்டு வருஷமாக மின்னோட்டப் பாடம் நடத்துகிறவள் தன் கையால் ஒருமுறைகூட மின்னோட்டத்தை அளந்ததில்லை. வரும் சனிக்கிழமை முப்பத்திரண்டு அறிவியல் ஆசிரியர்களுக்கு முன்னால் அதைச் செய்துகாட்ட வேண்டும். குட்டு வெளிப்பட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பாடம் நடத்துவது?

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் கணக்கு டீச்சர் ஜான்சியைத் துணைக்கு வைத்துக்கொண்டு பீரோவைத் திறந்தாள். இரண்டு பேட்டரி செல், ஒரு கம்பிச் சுருள், ஒரு சுவிட்ச், ஒரு அம்மீட்டர். எல்லாவற்றையும் மேசையில் பரப்பினாள். வோல்ட் பார்க்கிற மீட்டரைப் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைப்பார்கள் என்பது ஞாபகம் இருந்தது. இதுவும் மீட்டர்தானே என்று கை தானாகப் போய் அம்மீட்டரின் இரண்டு கம்பியையும் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தது.

முள் விருட்டென்று வலது கோடிக்குப் போய் இடித்து, அங்கேயே வளைந்து நின்றது. கருகல் வாடை வந்தது.

“தொடராக இணைக்கணும்னு போட்டிருக்கேடி,” என்றாள் ஜான்சி, பாடப்புத்தகத்தைப் பார்த்தபடி.

“தொடராகன்னு எனக்குத் தெரியாதா? எட்டு வருஷமா நான்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்.” வெண்மதிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஜான்சி சிரிக்கவில்லை, அதுவரை நல்லது. “டவுன் பஸ்ஸு படியில கண்டக்டர் நின்னாருன்னா ஏறுற ஆள எண்ணலாம். நீ படிக்குப் பக்கத்துல அகலமா இன்னொரு கதவத் தொறந்து வுட்டு, அங்க அவர நிறுத்தினா? மொத்தக் கூட்டமும் அது வழியாத்தான் பூரும். மனுஷன் நசுங்கிடுவாரு. கரண்டு போற வழியிலயே மீட்டர் நிக்கணும். அவ்ளோதான்.”

மறுநாள் மிச்சமிருந்த ஒற்றை மீட்டரை எடுத்தார்கள். பேட்டரி, சுவிட்ச், மீட்டர், சுருள், மறுபடி பேட்டரி என்று ஒரே வளையமாக மாட்டினார்கள். முள் மெதுவாக எழுந்து 0.52-இல் நின்றது. பரம்பரை நோட்டின்படி 0.6 வர வேண்டும். கம்பி முனைகளை உப்புத்தாளால் தேய்த்தாள், புது செல் வாங்கிப் போட்டாள். 0.54 வந்தது. அதற்கு மேல் நகரமாட்டேன் என்றது.

“செல்லு, ஒயரு, மீட்டரு எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தடுக்கும் இல்ல? இதுதான் வரும். இதயே சொல்லு,” என்றாள் ஜான்சி.

“முப்பத்தாறு நோட்டுல பாயிண்ட் ஆறுன்னு டிக் போட்டுட்டு, அங்க போயி அஞ்சே சொச்சம்னு சொல்றதா?” வெண்மதி வீட்டுக்குப் போய் ஒரு சார்ட்டில் 0.3, 0.6 என்று முத்து முத்தாக எழுதினாள். முள் யாருக்கும் தெரியாதபடி மீட்டரை மேசையில் படுக்க வைத்துவிட்டு, அளவை வாயால் சொல்லிவிடுவது என்பது ஏற்பாடு.

சனிக்கிழமை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளியின் பெரிய கூடம். எட்டு மேசை, மேசைக்கு நான்கு பேர். முதல் மேசையில் அண்ணாகிராமம் பக்கத்திலிருந்து வந்த பழனிவேல் சார் உட்கார்ந்திருந்தார். மே மாதம் ஓய்வு பெறுகிறவர். கேள்வி கேட்டே போன வருஷம் ஒரு கருத்தாளரைப் பாதிப் பயிற்சியில் பஸ் ஏற்றியவர் என்று கழிப்பறைப் பக்கமாக யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டதைப் பார்த்ததுமே வெண்மதி அவசரமாகச் சார்ட்டை விரித்தாள்.

ஆனால் அவள் போட்டுவைத்த ஏற்பாடு பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. அமைப்பாளர் மேசைக்கு ஒரு மீட்டராகக் கொண்டுவந்து வைத்து, “எல்லாரும் செஞ்சு பாருங்க. மேடம் சுத்தி வந்து பாப்பாங்க,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கம்பியை எடுத்தவர்கள் பக்கத்து மேசையைப் பார்த்தார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் அடுத்த மேசையைப் பார்த்தார்கள். பழனிவேல் சார் மட்டும் தைரியமாக அம்மீட்டரின் இரண்டு கம்பியையும் பிடித்து, பேட்டரியின் இரண்டு முனைக்கும் கொண்டுபோனார்.

“சார், வேணாம்.” குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

“ஏன் மேடம்?”

முப்பத்திரண்டு தலைகளும் திரும்பின. புத்தகத்தில் இருக்கிற வரியைச் சொல்லியிருக்கலாம். அந்த வரி தெரிந்திருந்தும் தன் கை எங்கே போனது என்பது அவளுக்குத்தான் தெரியும். அந்த மீட்டர் கருகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு மனம் வரவில்லை. மானம் போனால் போகட்டும் என்று நினைத்தாள்.

“செவ்வாய்க்கிழம நானும் இப்படித்தான் வச்சேன் சார். எரிஞ்சிடுச்சி. அதுக்கு முன்னாடி நான் அம்மீட்டரத் தொட்டதே இல்ல.”

பழனிவேல் சார் கம்பிகளை அப்படியே கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்லவேள சொன்னீங்கம்மா. முப்பத்தோரு வருஷ சர்வீசு. நானும் இன்னிக்குத்தான் தொடுறேன்.”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “எங்க ஸ்கூல்ல இன்னும் கவரே பிரிக்கல சார்,” என்றது ஒரு குரல். “எனக்கு எங்க சித்தி நோட்டு,” என்றது இன்னொன்று. அப்புறம் சிரிப்பு எட்டு மேசைக்கும் பரவி, அடங்க வெகுநேரம் ஆயிற்று. வெண்மதிக்கு நான்கு நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அவள் மேசை மேசையாகப் போய்ப் பஸ் கண்டக்டர் கதையைச் சொன்னாள், கதை ஜான்சியுடையது என்பதையும் மறைக்காமல்.

முள்கள் எழுந்தன. “பாயிண்ட் ஃபைவ் சிக்ஸ் காட்டுது மேடம். ஆறு வரல,” என்றார் பழனிவேல் சார் கவலையாக.

“வராது சார். காட்டுறதயே சொல்லுங்க.” சார்ட்டைச் சுருட்டி மேசைக்கடியில் தள்ளிவிட்டு, கரும்பலகையில் எழுதத் தொடங்கினாள். 0.56. 0.52. 0.5. 0.54. எட்டு மேசைக்கும் எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தாள். ஒன்றுகூட 0.6 இல்லை. வாழ்நாளில் அவள் எழுதியதிலேயே ஒழுங்கில்லாத பட்டியல் அதுதான், அதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எதனால் குறைகிறது என்று மேசைக்கு மேசை வாக்குவாதம் தொடங்கியிருந்தது. ஒருவர் செல்லைக் குறை சொன்னார், ஒருவர் ஒயரைக் குறை சொன்னார்.

டீ வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அமைப்பாளர் வாசலில் நின்று இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

பழனிவேல் சார் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவிட்சைப் போட்டார், முள் எழுந்தது. அணைத்தார், படுத்தது. பக்கத்தில் வந்து நின்ற வெண்மதியை நிமிர்ந்து பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“எல்லாத்தயும் கழட்டிட்டு மொதல்லேருந்து இன்னொரு தபா நானே மாட்டட்டுமா மேடம்?”

“மாட்டுங்க சார்,” என்று சொல்லிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.