கை தூக்கினால் வண்டி நிற்கணும்

மலையிலிருந்து மாடுகளை இறக்கும் நாள். மந்தை நெடுஞ்சாலையை அடைத்துக்கொண்டு நடந்தது. முன்னால் தன் பெண்குதிரையில் போன லோர்னா, வளைவில் தண்ணீர் லாரி வருவதைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், அந்த மூலையில் குதிரைமேல் இருப்பவர் கை தூக்கினால் எந்த வண்டியும் நின்றுவிடும். இந்த லாரி ஹாரன் அடித்தது, நிற்கவில்லை.

லாரி மோதியதில் குதிரையின் முன்னங்கால்கள் முறிந்தன. லோர்னா தார்ச்சாலையில் விழுந்தாள். குதிரை அவள் இடுப்பின்மேல் சரிந்து, எழப் பார்த்து, மறுபடி அவள்மேலேயே விழுந்தது.

பின்னால் வந்த அவள் தம்பி ஹார்லன் குதித்து ஓடினான். அக்காவிடம் போகவில்லை, லாரிக்குப் போனான். டிரைவரைச் சட்டையோடு இழுத்துக் கீழே போட்டான்.

"கண்ணு எங்கடா போச்சு? கை தூக்கினாளே, தெரியல?"

"தெரிஞ்சுது சார். சும்மா கையாட்டுறாங்கன்னு நெனச்சேன். லைசென்சுக்குப் படிச்ச புத்தகத்துல அப்படி எதுவும் இல்லையே..."

மூக்கில் ஒரு குத்து விட்டான். புத்தகத்தில் ஏன் இல்லை என்று ஹார்லனுக்கா தெரியாது? சபை கூடும் குளிர்காலத்தில் சட்டமன்ற உறுப்பினர், மற்ற மாதங்களில் மாட்டுப் பண்ணைக்காரன். மோட்டார் வாகனச் சட்டத்திலிருந்து காலாவதியான விதிகளைக் கழித்துக்கட்டும் மசோதாவைக் கொண்டுவந்த மகராசனே அவன்தான். "குதிரைக்காரன் கை தூக்கினா காரு நிக்கணுமாம்!" என்று படித்துக்காட்டினான், சபையே சிரித்தது. லோர்னா போனில் சண்டை பிடித்தாள். "மனுஷனாப் பொறந்தவன் நிப்பான், அதுக்கெதுக்கு சட்டம்?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

இப்போது குதிரைக்கு அடியிலிருந்து அவள் கத்தினாள்.

"விடு அவனை! அந்த விதியை எடுத்தது நீ. அவனை எதுக்கு அடிக்கிற?"

அதுவரை கோபத்தில் அடித்தவன், அதைக் கேட்டதும் வெறி பிடித்து அடித்தான். அக்காவின் வாயை அடைக்க முடியவில்லை, கைக்கு அகப்பட்டவன் வாயைக் கிழித்தான். பூட்ஸ் காலால் முகத்தில் உதைத்தான். தாடை உடைந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கூட வந்த பக்கத்துப் பண்ணைக்காரர்கள்தான் கயிறு கட்டிக் குதிரையைப் புரட்டி லோர்னாவை வெளியே இழுத்தார்கள். அவள் கால்கள் அசையவில்லை.

போலீஸ்காரர் வந்ததும் முதலில் குதிரையின் நெற்றியில் சுட்டார்.

"இவனை உள்ள தள்ளு," என்றான் ஹார்லன்.

"எதுல தள்ளுறது? கவனக்குறைவுன்னு போட்டா அபராதத்தோட போயிடுவான். கை தூக்கியும் நிக்கலைன்னு போட, இப்ப பிரிவே இல்லையே ஹார்லன்." டிரைவரின் முகத்தைப் பார்த்தார். "இது யாரு வேல?"

"லாரிலேருந்து விழுந்துட்டான்."

பண்ணைக்காரர்கள் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கங்கெட்டவர்கள்.

"என் தம்பிதான் அடிச்சான்," என்றாள் லோர்னா. "நிறுத்துன்னு கத்தினேன். அதுக்கப்புறமும் அடிச்சான். எழுதிக்கோங்க."

ஆம்புலன்ஸ் ஒன்றுதான் வந்தது. டிரைவரையும் தன் பக்கத்திலேயே ஏற்றச் சொன்னாள். கையில் விலங்கோடு ஹார்லன் கதவருகே வந்து நின்றான்.

"லோர்னா, நானும் வரேன். போலீஸ்காரரு சம்மதிப்பாரு."

அவள் அவனைப் பார்த்தாள்.

"குதிரைக்கு அடியில கெடந்தப்போ வந்திருக்கணும்."