ஜன்னலோர இருக்கைக்காரர்

சாங்ஷாவில் ரயில் ஏறியபோது துவார்த்தேயிடம் இருந்தது நின்றுகொண்டே போகும் சீட்டு. சீனப் புத்தாண்டான வசந்த விழாவுக்கு முந்தைய வாரத்தில் அதுவாவது கிடைத்ததே என்றிருந்தது அவனுக்கு. போர்ச்சுகலிலிருந்து வந்து ஆறு வருடமாக அங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். மூட்டைகளின் மேல் ஏறிக் கடப்பதும், யாரோ சாப்பிடும் வாத்துக் கழுத்தின் கார நெடியில் தும்முவதும் பழகிப்போயிருந்தன. இனி இந்த நாட்டில் தன்னை அசைக்க ஒன்றுமில்லை என்று அவன் நண்பர்களிடம் சொல்லிக்கொள்வதுண்டு.

யுவேயாங் நிலையம் தாண்டுவதற்குள் கால் கடுத்துவிட்டது. பக்கத்து இருக்கையில் நாற்பது வயதுக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஜன்னலோர இருக்கையில் ஆளில்லை. சிவப்புத் துணியில் கட்டிய பெட்டி ஒன்று இருந்தது. அதை மேலே வைக்கச் சொல்லி இரண்டு பேர் கேட்டுப் பார்த்தார்கள். அவள் மாட்டேனென்று தலையை மட்டும் ஆட்டினாள். எதிரே சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ஷுவே என்ற பருத்த மனிதர் குரலை உயர்த்தினார்.

"மனுஷங்க கால் நோக நிக்கிறாங்க, உன் பெட்டிக்கு மெத்தை கேக்குதா?"

கூட்டம் சிரித்தது. துவார்த்தேக்கும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, உங்க ஊறுகாய் ஜாடி எந்த ஊர்ல இறங்கும்? அது இறங்கினதும் நான் உக்காந்துக்கறேன்."

வெள்ளைக்காரன் வாயில் சாங்ஷாப் பேச்சைக் கேட்டதும் ரயில் பெட்டியே சிரிப்பில் அதிர்ந்தது. யாரோ அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். சத்தம் கேட்டு வந்த ரயில் பணிப்பெண், சீட்டை எடுக்கச் சொன்னாள். அந்தப் பெண் சட்டைப்பையிலிருந்து இரண்டு நீலச் சீட்டுகளை எடுத்து நீட்டினாள்.

"தான் ரூமெய், கோங் தேஷான்," என்று பணிப்பெண் பெயர்களை வாசித்தாள். "கோங் தேஷான் எங்க?"

"இதோ உக்காந்திருக்காரே," என்றாள் அவள், பெட்டியின் மேல் கைவைத்து.

ஷுவேயின் கை விதையோடு பாதியில் நின்றது. துவார்த்தேக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. இன்னும் அவன் உதட்டில் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

கணவனும் மனைவியுமாக இருவரும் கட்டிட வேலை பார்த்தவர்கள். பதினைந்து நாளைக்கு முன்பு அவர்தான் வரிசையில் நின்று சீட்டு வாங்கினாராம். போன வாரம் ஒரு காலையில், கொட்டகையில் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை; பெட்டியில் இருந்தது அவருடைய அஸ்தி. பணிப்பெண் சீட்டுகளை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

துவார்த்தே மன்னிப்புக் கேட்டான். ரூமெய் பெட்டியை மடியில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்தாள்.

"உக்காருப்பா. யாராவது நின்னா, அவரு உக்காந்துட்டிருக்க மாட்டாரு."

மறுக்கவும் முடியாமல் உட்கார்ந்தான். அவன் தோள் அந்தப் பெட்டியின் மூலையில் உரசியது. வழியில் ஒவ்வொரு பாலத்திலும் அவள் குனிந்து, "பாலம் வருது, கூடவே வா," என்றாள். தண்ணீரைத் தாண்டும்போது கூப்பிடாவிட்டால் உயிர் வழி தவறிவிடும் என்று ஷுவே தணிந்த குரலில் சொன்னார். ஆறு வருடத்தில் துவார்த்தே கேள்விப்படாத சங்கதி.

வூச்சாங் நிலையம் கடந்தபோது ரூமெய் தூங்கிப்போயிருந்தாள். எத்தனை நாள் தூக்கமோ, வாய் லேசாகத் திறந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே இரும்புச் சட்டங்கள் தடதடவென்று ஓடத் தொடங்கின. கீழே யாங்சி ஆறு. எழுப்பலாமா, தானே கூப்பிடலாமா என்று துவார்த்தே தவித்தான். பார்த்தேயிராத மனிதரை, அதுவும் அப்படிக் கேலி பேசிவிட்டு, எந்த வாயால் கூப்பிடுவது?

ஷுவே விதைப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். முன்னால் சாய்ந்தார்.

"தேஷான் அண்ணே, யாங்சி வந்துருச்சு. பெரிய பாலம். பயப்படாம வாங்க."

பின்னால் நின்ற ஒரு கிழவர், "வாங்க தம்பி," என்றார். அப்புறம் ஒரு பெண் குரல். அப்புறம் இன்னும் யார் யாரோ. சற்றுமுன் சிரித்த அதே வாய்கள். தன் வாயும் அசைவது துவார்த்தேக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஹான்கோ நிலையத்தில் ரூமெய் திடுக்கிட்டு விழித்தாள். வெளியே பார்த்தவள் முகம் வெளிறிப்போயிற்று. ஆறு தாண்டியாச்சா என்று கேட்டாள்.

"கூப்பிட்டோம்மா," என்றார் ஷுவே. "எல்லாருமா சேந்து கூப்பிட்டோம். வந்துட்டாரு."

அவள் பெட்டியின் மேல் நெற்றியை வைத்து அழுதாள். யாரும் தடுக்கவில்லை.

ரூமெய் இறங்கவேண்டிய சின்யாங்கில் துவார்த்தே அவள் மூட்டைகளை இறக்கிக் கொடுத்தான். நடைமேடையில் அவள் கொழுந்தன் கறுப்புக் குடையோடு காத்திருந்தான்; அஸ்தியின் மேல் வெளிச்சம் படக்கூடாதென்று கூரையின் கீழேயே குடையை விரித்துப் பெட்டிக்கு மேல் பிடித்தான். மூவராக ஊருக்குப் போவது போல் அவர்கள் நெருங்கி நடந்தார்கள்.

திரும்பி வந்தபோது ஜன்னலோர இருக்கை காலியாகத்தான் இருந்தது. போய் உட்காரச் சொன்னார் ஷுவே. துவார்த்தே தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தான். அவன் இறங்கவேண்டிய ஜெங்ஜோவுக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.