வெட்டிப் போட்ட கார்டு

…இல்லை, இது அது இல்லை, அதை நான்தான் வெட்டினேன், இந்தக் கையால், சமையலறைக் கத்தரிக்கோலால், நெடுக்கே ஒரு வெட்டு, குறுக்கே ஒரு வெட்டு, பாப்பா பக்கத்தில் நின்று கைதட்டினாள், அவளுக்கு அது ஏதோ பள்ளிக்கூடக் கைவேலை மாதிரி… பிறகு இது எப்படி முழுசாக இருக்கிறது? முதலுதவிப் பெட்டியில், பஞ்சுச் சுருளுக்கு அடியில், காய்ச்சல் மாத்திரை அட்டைக்கும் கீழே, என் பெயர் போட்ட கார்டு, அதே நீலம், அதே வங்கி. விரலில் ரத்தம் வேறு நிற்கவில்லை. குழாய்க்கு வாஷர் மாற்றப்போய் ஸ்பேனர் வழுக்கிக் கட்டைவிரலைக் கிழித்துவிட்டது, பஞ்சு எடுக்க வந்தவன் பஞ்சை மறந்துவிட்டு நிற்கிறேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். காலாவதித் தேதி இன்னும் எத்தனையோ வருஷம் தள்ளி இருக்கிறது. அப்படியானால் வெட்டியதற்கு அப்புறம் வந்தது இது, பழசு முடிந்து வங்கி அனுப்பிய புதுசு, யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, இந்த வீட்டில் தபால் வாங்குகிறவள் ஒருத்திதான், என் பெண்டாட்டி, அவள் இப்போது மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆடிட்டர். நான் அவளுக்கு வைத்த பெயர், முகத்துக்கு நேரே ஒருநாளும் சொன்னதில்லை, சொல்ல எனக்கு ஏது வாய். அவள் வேலை ரத்தப் பரிசோதனை நிலையத்தில், காலையிலிருந்து மாலைவரை அடுத்தவர்கள் கையில் நரம்பு தேடுகிறவள், வீட்டுக்கு வந்தால் என் பாக்கெட்டில் பில் தேடுவாள். என் சம்பளம் நேரே அவள் கணக்குக்குப் போகிறது, பஸ்ஸுக்கும் டீக்கும் அவள்தான் கொடுக்கிறாள், வண்டி உதிரிபாகக் கடை கவுண்டரில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிறவன் வீட்டில் சில்லறைக்குக் கை நீட்டுகிறேன். நியாயம்தான், நான் ஒன்றும் இல்லையென்று சொல்லவில்லை. நாலு கார்டையும் நானே தேய்த்துத் தேய்த்து முழுகிப்போனவன், டெலஸ்கோப் வாங்கினேன், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தவிர வேறெதையும் அதில் பார்த்ததில்லை, மீனே விடாத மீன்தொட்டி ஒன்று கட்டிலுக்கடியில் கிடக்கிறது. வசூல்காரன் பாப்பாவின் பள்ளிக்கூட வாசல்வரை வந்து நின்ற அன்றைக்கு அவள் கத்தவில்லை, அழவில்லை, சாப்பாடு போட்டபடியே சொன்னாள், "இன்னொரு கடன்னு ஒண்ணு வந்துச்சுன்னா, நான் பாப்பாவைக் கூட்டிட்டு என் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன், நீங்க தேடி வர வேணாம்." அப்புறம்தான் கத்தரிக்கோலை எடுத்து என் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து கட்டுகிறோம், பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுகிறோம், பெரியது மூன்றும் அடைந்துவிட்டது, கடன் கொடுக்கிறவர்கள் பார்க்கிற அந்த ஸ்கோர் ஏறுகிறது, போனில் அந்த எண்ணை மட்டும் பார்ப்பேன், உள்ளே விவரத்துக்குள் போகிற தைரியம் எனக்குக் கிடையாது.

அந்தத் தம்பி… ஆமாம், தம்பி. போன மாதம் மச்சினன் வீட்டுக்குப் போனபோது இரட்டைக் கதவு பிரிட்ஜ் ஒன்று கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றதே, "எப்படிடா மாப்ளே?" என்று கேட்டேன், "அதெல்லாம் அப்படித்தான் மச்சான்" என்று சிரித்தான், இவளும் சிரித்தாள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள், அப்போதே எனக்கு மூக்கில் வியர்த்திருக்க வேண்டும். புதுச் செருப்பு ஒன்று போட்டுக்கொண்டு திரிகிறாள், கேட்டால் கூட வேலை பார்க்கிறவள் அளவு சரியில்லையென்று கொடுத்தாளாம், காதில் பூ சுற்றுகிறாள், இரண்டு பேருக்கும் கால் அளவு எப்படி அவ்வளவு பொருந்திப்போகும்? போன் வந்தால் பால்கனிக்குப் போகிறாள். துணி காயப்போடக்கூட போனை எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள், ஈரக் கையோடு போன் எதற்கு? கடன் என் பெயரில் இருந்தால் அவளுக்கு என்ன, கெட்டுப்போன பெயர்தானே, இன்னும் கொஞ்சம் கெட்டால் யாருக்குத் தெரியப்போகிறது… என் தலையிலேயே மிளகாய் அரைக்கிறாளா? நானா இப்படி நினைக்கிறேன், அவளைப் போய்? அவளைப் போய்த்தான். கையில் கார்டு இருக்கிறதே.

கோபம் வர வேண்டும், அதுதானே முறை, ஆனால் எனக்கு என்ன வந்தது தெரியுமா, சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நெஞ்சுக்குள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது மாதிரி இருந்தது. அப்பாடா, நீயும்தானா… இனிமேல் டீக்காசுக்குக் கை நீட்டும்போது தலை குனிய வேண்டாம், பாப்பா முன்னால் "அப்பாகிட்ட குடுக்காதே, அம்மாகிட்ட குடு" என்று இனி அவளால் சொல்ல முடியாது, இரண்டு பேரும் ஒரே குட்டையில் நிற்கிறோம், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன், முதல் கேள்வி எது, செருப்பா பிரிட்ஜா? செருப்பு வேண்டாம், அது சில்லறை. நேராக, 'எவ்வளவு?' அதுதான், அவள் என்னைக் கேட்ட அதே தொனியில், சாப்பாடு போடுகிற மாதிரி நிதானமாக. படியில் வாளி இடிக்கிற சத்தம். வருகிறாள். கார்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன், பிறகு எனக்கே அசிங்கமாக இருந்தது, நான் எதற்கு மறைக்க வேண்டும், முன்னால் கொண்டுவந்து பிடித்துக்கொண்டேன்.

"ஐயோ, என்ன இது, கையெல்லாம் ரத்தம்?" வாளியை அப்படியே போட்டுவிட்டு வந்து முதலில் விரலைத்தான் பிடித்தாள், பிறகுதான் அடுத்த கையைப் பார்த்தாள். முகம் மாறும் என்று கண்கொட்டாமல் நின்றேன், மாறவில்லை, மாறாததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. "பாத்துட்டீங்களா" என்றாள், அவ்வளவுதான். "எவ்வளவு?" என்றேன், ஒத்திகை பார்த்த தொனி வரவில்லை, குரல் கீச்சென்று வந்தது. "எது எவ்வளவு? கையைத் தூக்கிப் பிடிங்க, மேல… இன்னும் மேல." "உன் தம்பி பிரிட்ஜுக்கு எவ்வளவு?" என்று கேட்டேன். அவள் பஞ்சைப் பிய்ப்பதை நிறுத்தினாள். இடுப்பிலிருந்த போனை எடுத்து, வங்கிப் பக்கத்தைத் திறந்து, என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். தண்ணீர் வரி. மறுநாளே கட்டியாயிற்று. அதற்கு முந்தைய மாதமும் தண்ணீர் வரி, மறுநாளே கட்டியாயிற்று. அவ்வளவுதான், மேலே தள்ளத் தள்ளத் தண்ணீர் வரிதான்.

"வெட்டிட்டா மூடினதா ஆயிடாதுங்க, நாமதான் அப்படி நினைச்சுட்டோம்," என்றாள், கட்டுப் போட்டுக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல். "புதுக் கார்டு தபால்ல வந்ததும் எனக்குக் கை காலே ஓடல. நேரா பேங்குக்குப் போனேன், மூடணும்னா என்ன செய்யணும்னு கேக்க. அங்க இருக்கற மேடம்தான், இது உங்க வீட்டுக்காரரோட ரொம்பப் பழைய கணக்கு, இதை மூடிட்டா ஏறின ஸ்கோர் இறங்கிடும், மாசம் ஒரு சின்ன பில் போட்டு உடனே கட்டிடுங்க, அது பாட்டுக்கு நல்ல பேர் சம்பாதிச்சுக் குடுக்கும்னாங்க. என் தம்பி தவணையில வாங்கினான், வேணும்னா போன் போட்டுத் தரேன், கேளுங்க." "வேணாம்." "கேளுங்க, பரவால்ல." "வேணாம்னு சொல்றேன்ல." எனக்கு எங்கேயாவது போய் உட்கார வேண்டும்போல இருந்தது, ஆனால் விரல் அவள் கையில் இருந்தது. கொஞ்சம் முன்னால் வந்த அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை, மறுபடியும் நான் ஒருவன்தான் குட்டையில். "என்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். பிளாஸ்திரியைப் பல்லால் கடித்துப் பிய்த்தாள், ஒட்டினாள், ஓரத்தை நீவிவிட்டாள். "சொல்லியிருந்தா நீங்க தூங்கியிருப்பீங்களா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கேட்டிருப்பேன். காய்ச்சல்காரனிடம் கேட்கிற மாதிரி கேட்டாள். கார்டை அவளிடம் நீட்டினேன், வாங்கிக்கொள்ளவில்லை. "தெரிஞ்சுதான் போச்சே, இனிமே எதுக்கு ஒளிச்சு வச்சுக்கிட்டு, நீங்களே பர்ஸ்ல வச்சுக்கறீங்களா?" சோதிக்கிறாளா? கண்ணைப் பார்த்தேன், சோதனை இல்லை, நிஜமாகவே கேட்கிறாள். "வேணாம், உன்கிட்டயே இருக்கட்டும்," என்றேன், சொல்லும்போது எனக்கே என் குரல் பிடித்திருந்தது, ஆண்பிள்ளைக் குரல். அவள் முகம் இளகியது, எத்தனை நாளாயிற்று இந்த முகத்தைப் பார்த்து, கார்டை வாங்கித் தன் கைப்பையில் சாதாரணமாகப் போட்டுக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு போனாள், போகிற வழியில் ஏதோ முணுமுணுத்துப் பாடினாள்கூட. நான் குழாயடிக்குத் திரும்பி வந்து குந்தினேன். நல்லபடியாக முடிந்தது, அவள் மேல் சந்தேகப்பட்டது தப்பு, ராத்திரி மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், அவள் தம்பியிடமும் ஒரு வார்த்தை நல்லதாகப் பேச வேண்டும்… பழைய வாஷரை எடுத்தேன், புதுசை வைத்தேன், முடுக்கினேன், முடுக்க முடுக்க உதடு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது, நாலு நாலாக, ஒரு தாளத்தோடு. நின்று கேட்டேன். கார்டு நம்பர்.

தேதியை மட்டும்தான் பார்த்தேன் என்று நினைத்திருந்தேன். கவுண்டரில் உதிரிபாக நம்பரை ஒருமுறை பார்த்தால் போதும், அது பாட்டுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், கூப்பிட்டால் வரும். முன்பக்க எண் முழுவதும் இருக்கிறது, தேதி இருக்கிறது, பின்பக்கத்து மூன்று எண்ணும் இருக்கிறது. எந்தெந்த இணையக் கடையில் வாங்கினால் அவள் போனுக்கு ஓ.டி.பி. அனுப்பிக் கேட்காமலே பணம் எடுப்பார்கள் என்றும் தெரியும், அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளைத் திருடி என்று நினைத்துக்கொண்டு நின்றேனே, அந்த நேரத்தில் இந்தக் கண் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது… சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம், 'நம்பர் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு, இதை மாத்திடு' என்று ஒரே வரி, சொன்னால் அந்த முகம் என்ன ஆகும்? "இங்க கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட்டேன். வந்தாள், இன்னும் அதே முகத்தோடு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு. "என்னங்க?" "ஒண்ணுமில்ல… லைட் கொஞ்சம் பிடி, உள்ள தெரியல" என்றேன். அவள் போனில் விளக்கைப் போட்டு என் தோளுக்கு மேலே பிடித்தாள், வாஷர் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது, பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை, நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.