முதல் கோடு

சுலோசனாவுக்குக் கை வேகம். வாய் அதைவிட வேகம். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவள். "ரெண்டு நிமிஷத்துல ஆளப் புடிக்கத் தெரியலன்னா, போயி கோலம் போடுங்க" என்று பிள்ளைகளை விரட்டுவாள். கையை எடுக்காமல் முதுகுக்கு ஒரே கோடு. கழுத்துக் குழியிலிருந்து நேர் கீழே, உடம்பைத் தாங்குகிற பாதம் வரவேண்டும். வராவிட்டால் படத்திலிருக்கும் ஆள் விழுந்துவிடுவான். முகமெல்லாம் கடைசியில்தான், நேரமிருந்தால்.

வீட்டில் அவளுக்குச் சம்பளமில்லாத மாடல், புருஷன் ராஜாங்கம். சாரம் பகுதியிலிருக்கும் வீட்டு மாடியில் தினமும் காலையில் அவர் நின்றபடி காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் ஒரு படம். பதினோரு வருஷமாக இதே கதைதான்.

"மூஞ்சியையும் ஒருநாள் போடேன்" என்பார்.

"அதுல என்னங்க இருக்கு, பாத்த மூஞ்சிதானே."

ஆடி மாதத்திலிருந்து அந்த முதல் கோடு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. அம்பதைத் தாண்டியாச்சு, கை போய்விட்டது என்று தன்மேலேயே எரிந்து விழுந்தாள். அழுத்தமான பென்சிலை எடுத்து, சாய்ந்த கோட்டின் மேலேயே அவரை நேராக நிறுத்தினாள். தினமும் அப்படித்தான் நிறுத்தினாள்.

தை மாதம் அவர் குளியலறையில் விழுந்தார். ஸ்கேனில், மூளையின் பின்பக்கம் கட்டி.

"எப்பலேர்ந்து சாஞ்சு நிக்கிறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒரு வாரமாத்தான் சார்" என்றார் ராஜாங்கம்.

சுலோசனாவுக்கு ஆடி மாதத்துக் கோடு நினைவுக்கு வந்தது. நாலைந்து மாசம் முன்னால் வந்திருந்தால் எடுத்திருக்கலாம், இனி முடியாது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து நோட்டுகளைப் பிரித்தாள். பக்கத்துக்குப் பக்கம், கறுப்புக் கோட்டுக்கு அடியில் மெல்லிய கோடு சாய்ந்துகொண்டே போயிருந்தது. கை சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அவள்தான் நம்பவில்லை. பாவி, நானே அவரை மூடி மறைச்சிட்டேனே என்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை அவரால் மாடியேற முடியவில்லை. கூடத்துச் சுவரோரம் நின்று காப்பியை வாங்கிக்கொண்டார்.

"என்ன சுலோ, இன்னிக்குப் படம் இல்லயா?"

போட்டாள். முதுகுக் கோடு சாய்ந்து, பாதத்தைத் தாண்டி வெளியே போனது. இந்த முறை அதைத் தொடாமல் விட்டாள்.

அவர் எட்டிப் பார்த்தார்.

"வுழுவுற மாதிரி இருக்குதே. எப்பவும் போல நேரா நிறுத்திடேன்."

அழுத்தமான பென்சிலைத் தேடி எடுத்து நேராக நிறுத்தினாள். பிறகு முகத்தை வரைய ஆரம்பித்தாள். காப்பி ஆறிப்போனது. ரெண்டு நிமிஷம் போதவில்லை.